சருகுமானும் அழுங்கும்: மண்டாயில் ஐந்து நாட்கள்

முதல் நாள், புதன் இரவு

திருச்சியில் விமானம் ஏறி, யீஷூனில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. வீவக (இங்கே அரசாங்கம் கட்டித் தரும் வீடு) அடுக்குமாடியில் பதினொன்றாவது தளம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கட்டடங்களுக்கு அப்பால் ஒரே பச்சையாகத் தெரிகிறது. "அந்தப் பக்கம்தான் மண்டாய்" என்றார் அத்தான். இந்த ஊரின் விலங்குத் தோட்டங்கள் இருக்கும் இடம். நான் சிங்கப்பூர் வந்ததே அந்தப் பச்சைக்காகத்தான்.

இங்கே ஐந்து நாள் இருப்பேன். யானை, புலி, ஒட்டகச்சிவிங்கி எதையும் தேடிப் போவதில்லை. சின்ன விலங்குகள் மட்டும். அதிலும் "ஓ, இப்படி ஒன்று இருக்கிறதா" என்று கேட்டுவிட்டு எல்லோரும் தாண்டிப் போகும் விலங்குகள்: சருகுமான், உடம்பெல்லாம் செதிலுள்ள அழுங்கு, தேவாங்கு, பறக்கும் அணில், அகழெலி. இவற்றை ஒரு விலங்குக்காட்சிசாலை எப்படி வைத்திருக்கிறது, எப்படிக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதப் போகிறேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே.

இந்த ஆசை எனக்கு ஒரு தேவாங்கிடமிருந்து வந்தது. வடமதுரையில் நாங்கள் குடியிருந்த காலத்தில் சந்தையில் ஒருவர் தாயத்து கட்டுவார். அவர் தோளில் ஒரு தேவாங்கு உட்கார்ந்திருக்கும். இடுப்பில் கயிறு. உச்சி வெயில். இரவில் மட்டும் பார்ப்பதற்காக அமைந்த அந்தப் பெரிய கண்களை அது திறக்கவே முடியாமல், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தது. சுற்றி நின்ற எங்களுக்கு அது வேடிக்கை. "தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று இன்றும் ஊரில் திட்டுகிறார்கள். அது முழித்து நான் பார்த்ததில்லை. பல வருடம் கழித்து அய்யலூர் மலைப்பக்கம் ஒரு இரவு, வனக்காவலர் ஒருவர் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை உசிலை மரத்தில் காட்டியபோதுதான் முதல் தடவையாக அந்தக் கண்கள் முழுதாகத் திறந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு கங்கு மாதிரி. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தபோது நான் அழுதேன்.

அதனால் எந்தக் கூண்டின் முன்னால் நின்றாலும் எனக்கு ஒரே கேள்விதான். இந்த இடம் அந்தச் சந்தைக்காரரின் தோள் மாதிரி இருக்கிறதா, அந்த உசிலை மரம் மாதிரி இருக்கிறதா?

அளந்து பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். கைக்கடிகாரம். ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் மற்றவர்கள் எத்தனை வினாடி நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். ஊர்ப்பக்கம் சில பூங்காக்களில் செய்து பார்த்திருக்கிறேன். புலிக்கு நாலு நிமிடம் நிற்பவர்கள் மரநாய்க்கு ஐந்து வினாடி நிற்பார்கள். "ஒண்ணும் இல்லப்பா, வா" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பார்கள். உள்ளே வைக்கோலுக்கு அடியில் அது இருக்கும்.

அக்கா மகளுக்கு எட்டு வயது. நாளை பள்ளி விடுமுறை. "சித்தி, நான்தான் வாட்ச் பார்ப்பேன்" என்று இப்போதே கேட்டு வாங்கிவிட்டாள்.

இரண்டாம் நாள், வியாழன் இரவு

காத்திப் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து மண்டாய்க்குப் பேருந்து விடுகிறார்கள். ஒன்பது மணிக்குள் சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தின் வாசலில் இருந்தோம். 1973இல் திறந்தது. கம்பிகளைக் குறைத்து அகழியும் நீரும் செடியுமாக எல்லை போட்ட பூங்கா என்று அப்போதே பெயர் வாங்கியது. ஆனால் அகழியும் திறந்தவெளியும் பெரிய விலங்குக்குத்தான் சரிவரும். இரண்டு கிலோ எடையுள்ள ஒன்றை அகழிக்கு அப்பால் விட்டால் யாருக்குத் தெரியும்?

அதற்கு இவர்கள் வைத்திருக்கும் விடைதான் ஃப்ராஜைல் ஃபாரஸ்ட். வலையால் மூடிய பெரிய கூடாரத்துக்குள் ஒரு காடு. விலங்குக்கும் நமக்கும் நடுவில் எதுவும் இல்லை. உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய பழந்தின்னி வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பப்பாளித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. மலாயா பழந்தின்னி. இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர். சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு, சக்கையை நாக்கால் உருட்டிக் கீழே துப்பியது. நிதானமாக, வெற்றிலை போடும் பாட்டி மாதிரி. முகத்தில் நரி, அதனால்தான் ஆங்கிலத்தில் இதைப் பறக்கும் நரி என்கிறார்கள்.

இன்னொரு கிளையில் ஸ்லாத். நம் பத்திரிகைகளில் இதையும் தேவாங்கு என்றே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். ஸ்லாத் தென் அமெரிக்காவுக்காரர், எறும்புத்தின்னிக்கும் அர்மடில்லோவுக்கும் சொந்தம். தேவாங்கு நம் ஊர்ப் பிறவி, குரங்குக்கும் நமக்கும் சொந்தம். இரண்டும் மெதுவாக நகரும் என்பதைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, நான் தேடி வந்தது சருகுமானை. குளம்புள்ள விலங்குகளில் மிகச் சிறிய இனங்களில் ஒன்று. இங்குள்ளது நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சருகுமானுக்கு ஒன்றுவிட்ட தங்கை. நம்முடையதற்கு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும் உண்டு. இதற்குக் கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. மலாய் மொழியில் காஞ்சில். மலாய்க் கதைகளில் முதலையையும் புலியையும் புத்தியால் ஏமாற்றும் சாங் காஞ்சில் இதுதான். நமக்கு முயல் எப்படியோ, இவர்களுக்கு அப்படி.

எல்லோரும் மேலே பார்த்து நடந்தார்கள். வௌவாலும் ஸ்லாத்தும் மேலே இருக்கின்றன, சரிதான். நாங்கள் இருவரும் நடைபாதை ஓரம் குந்தி உட்கார்ந்தோம். பத்து நிமிடம் எதுவும் இல்லை. அப்புறம் ஒரு சேம்பிலைக்குக் கீழே சருகு அசைந்தது. முதலில் தெரிந்தது கால்கள். பென்சில் மாதிரி என்று எல்லோரும் எழுதுவார்கள். பென்சிலைவிட மெல்லியது. அதன் மேலே முயல் அளவு உடம்பு, ஈர மூக்கு, முகத்தில் பாதியை அடைத்த கண். கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல்வாயிலிருந்து இரண்டு பல் வெளியே நீட்டியிருக்கும், அதுதான் ஆயுதம். மாடு, மான் எல்லாவற்றுக்கும் நாலு அறை இரைப்பை, இதற்கு மூன்று. மானும் இல்லை, பன்றியும் இல்லை. அந்தக் குடும்பமெல்லாம் பிரிந்து போவதற்கு முன்னால் இருந்த பழைய வீட்டில் இன்னும் குடியிருக்கும் ஆள்.

அது எங்கள் செருப்பிலிருந்து இரண்டடி தள்ளி வந்து நின்று, கீழே விழுந்த பப்பாளிச் சக்கையைத் தின்றது. வௌவால் துப்பியது! மேலே இருப்பவர் எச்சில், கீழே இருப்பவருக்குச் சாப்பாடு. காட்டிலும் இப்படித்தான் நடக்கும். இதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் நான் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

அக்கா மகள் கணக்கு: நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் ஏராளம். சருகுமானைப் பார்த்து நின்றவர்கள் மூன்று பேர், அதுவும் நாங்கள் குந்தியிருந்ததைப் பார்த்து. தடுப்பே இல்லாத காட்சிக்கூடம் அழகுதான். விலங்குக்கு ஒளிய இடம், ஓட இடம், வேளைக்கு உணவு எல்லாம் இருக்கிறது. ஆனால் நடக்கிற பாதை நம்மை நடக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சேம்பிலைப் பக்கம் ஒரு சின்ன மணைக்கட்டை போட்டால் போதும், பாதிப் பேர் உட்காருவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மதியத்துக்கு மேல் ரோமமில்லா அகழெலி. சருகுமானுக்கு நேர் எதிர். காட்டை அப்படியே தருவது ஒரு வழி. மண்ணை வெட்டி உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவது இன்னொரு வழி. கண்ணாடிக்குப் பின்னால் அறைகளும் சுரங்க வழிகளும். உள்ளே ரோஜா நிறத்தில், சுருங்கிய தோலுடன், பெரியவரின் கட்டைவிரல் அளவு தடிமனில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பார்த்ததும் ஒரு அம்மா "ஐயோ" என்று பின்வாங்கினார். ஆனால் போகவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவரைப் போலவே பலரும். கைக்கடிகாரப்படி இன்று அதிக நேரம் கூட்டம் நின்றது இங்கேதான்.

காரணம், அங்கே வேலை நடக்கிறது. குறுகலான வழியில் ஒன்று முன்னால் வர, எதிரே வந்தது திரும்பாமல் அப்படியே பின்னோக்கி ஓடியது, அதே வேகத்தில். இன்னொன்று சுவரைப் பல்லால் சுரண்டியது. மேல் பல், கீழ்ப் பல் உதட்டுக்கு வெளியே முளைத்திருப்பதால் தோண்டும்போது வாய்க்குள் மண் போகாது. கீழ்ப் பற்கள் இரண்டையும் தனித்தனியாக விரிக்கவும் சேர்க்கவும் முடியும், இங்கே சாப்ஸ்டிக் பிடிக்கிறார்களே அந்த மாதிரி. ஒரு அறையில் பல உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கின.

தேனீ, எறும்பு போல இவற்றுக்கும் ஒரே ராணி. அவள் மட்டும்தான் குட்டி போடுவாள், மற்றவை வேலைக்காரர்கள். பாலூட்டிகளில் இப்படி ஒன்று இருக்கிறது என்று விலங்கியலாளர் ஜெனிபர் ஜார்விஸ் 1981இல் எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதே அளவுள்ள சுண்டெலி மூன்று வருடம் வாழ்ந்தால் அதிகம். இவை முப்பது வருடத்தைத் தாண்டுகின்றன. கண்ணாடிக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அக்கா மகளைவிட மூத்ததாக இருக்கலாம் என்று சொன்னேன். அவள் அதற்கு வணக்கம் வைத்தாள்.

இங்கே ஒளிவதற்கு இடம் வேண்டுமே என்ற கவலை எனக்கு வரவில்லை. ஏறக்குறையக் குருடான விலங்கு. நம் முகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது சூடு, ஈரம், தன் கூட்டத்தின் வாசனை. அது மூன்றும் கிடைத்துவிட்டால் கண்ணாடி ஒரு தொல்லை இல்லை. ஆனால் இதே கண்ணாடிப் பெட்டியில் சருகுமானை வைத்தால் பயத்திலேயே செத்துவிடும். ஒவ்வொரு விலங்குக்கும் எது தொல்லை என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கூண்டு கட்ட வேண்டும்.

மூன்றாம் நாள், வெள்ளி, நள்ளிரவு தாண்டி

நைட் சஃபாரி. உலகத்தில் இரவுக்கென்றே கட்டிய முதல் விலங்குத் தோட்டம். 1994இல் திறந்தது, 35 ஹெக்டேர். அதற்கு முன்னாலும் இரவு விலங்குகளைக் காட்டியவர்கள் உண்டு. பகலில் இருட்டறை கட்டி, இரவில் விளக்கைப் போட்டு, விலங்கின் பகலையும் இரவையும் புரட்டிவிடுவார்கள். நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவில் 1969இல் அப்படி ஒரு பெரிய கட்டடம் வந்தது. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் பூங்காவின் கிரிஸிமெக் இல்லம் 1978இலிருந்து இருக்கிறது.

இங்கே எதையும் புரட்டவில்லை. பொழுது சாயக் காத்திருந்து கதவைத் திறக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருடம் முழுவதும் ஏழு மணிவாக்கில் இருட்டிவிடும். ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம். அங்கே இந்த ஏற்பாடு நடக்காது. இந்த ஊரின் வானமே இதற்கு ஒத்தாசை.

ஆனால் இன்று அந்த வானம் ஒத்தாசை செய்யவில்லை. ஏழே காலுக்கு உள்ளே நுழைந்ததும் கொட்டத் தொடங்கியது. மழை விடட்டும் என்று முதலில் டிராமில் ஏறினோம். முக்கால் மணி நேரம் காட்டுக்குள் சுற்றிக் காட்டுகிறது. பெரியவற்றுக்கு அது போதும். டபீர் ஒன்று மழையில் நனைந்துகொண்டு நின்றது, முன்பாதி கருப்பு, நடுவில் வெள்ளை. இருட்டில் வெள்ளைப் பாதி மட்டும் மிதக்கிற மாதிரி இருந்தது. ஆனால் நான் தேடும் அளவுள்ள எதையும் ஓடுகிற வண்டியிலிருந்து பார்க்க முடியாது.

மழை தூறலாகி நின்றதும் இறங்கி லெப்பர்ட் டிரெயில் என்ற நடைபாதையில் நடந்தோம். கால்சட்டை முழங்கால்வரை ஈரம். ஆனால் மழைக்குக் கூட்டம் கலைந்து பாதை எங்கள் இருவருக்கு மட்டுமே என்று ஆகியிருந்தது.

இங்கே ஒரு விஷயம் புரிந்தது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் நம் கண் முழுதாகப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். பகலில் இருட்டறைக்குள் நுழைபவர் வெயிலோடு நுழைகிறார், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார். கண் பழகும் முன்னாலேயே பார்த்து முடித்துவிடுகிறார்! "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லும் அப்பாக்கள்மேல் எனக்கு இத்தனை நாள் கோபம். பாவம், அவர்களுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரிந்திருக்காது.

இங்கே பொழுதோடு சேர்ந்து நம் கண்ணும் இருட்டுகிறது. விளக்குகள் எல்லாம் நிலா வெளிச்சம் மாதிரி, மரத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தவை. சைமன் கார்டர் என்ற நாடக மேடை விளக்குக் கலைஞர் அமைத்தது. விளக்கு எங்கே இருக்கிறது என்றே தேட முடியவில்லை. இலையின் விளிம்பு மட்டும் வெளுத்துத் தெரிகிறது. கைப்பேசியை அணைத்துப் பையில் போடச் சொன்னேன். போட்டாள். அப்புறம் நான் காட்டுவதற்கு முன்னால் அவளே காட்டத் தொடங்கினாள்.

பறக்கும் அணில்கள் இருக்கும் கூண்டுக்குள் நாம் நடந்து போகலாம். பூனை அளவு, செம்பு நிறம். ஒன்று மரத்தில் விறுவிறுவென்று ஏறி, நுனியில் ஒரு கணம் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரம் பார்த்தது. அப்புறம் குதித்தது. நான்கு கால்களுக்கு நடுவில் தோல் விரிந்து ஒரு சதுரத் துண்டு மாதிரி எங்கள் தலைக்குமேல் போயிற்று. சத்தமே இல்லை. எதிர் மரத்தில் ஒட்டும்போது மட்டும் ஒரு மெல்லிய தட்டல். முகத்தில் இரண்டு சொட்டு மழைத்தண்ணீர் விழுந்தது, அதன் வாலிலிருந்து.

கடைசியாக ஸ்லோ லோரிஸ். நம் தேவாங்கின் உருண்டையான உறவுக்காரர். நம்முடையது ஒல்லி, கால் நீளம், பூச்சி தின்னும். இது குண்டு, மரப்பிசினும் பூந்தேனும் விரும்பும். முழங்கைப் பக்கம் சுரக்கும் நீரை நக்கிக்கொண்டு கடித்தால் விஷம். பாலூட்டிகளில் விஷக்கடி உள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிளையின் அடிப்பக்கம் தலைகீழாக ஒவ்வொரு கையாக எடுத்து வைத்து வந்தது. ஒரு கை பிடித்து உறுதியான பிறகுதான் அடுத்த கை விடும். நடுவிரல் பக்கத்து ஆள்காட்டி விரல் மொட்டையாக இருந்தது. குறை இல்லை, பிறப்பே அப்படி; கட்டைவிரலை நன்றாக விரித்து இடுக்கி மாதிரி பிடிப்பதற்கு.

கிளை முடியும் இடத்தில் அது நின்று எங்களைப் பார்த்தது. முழுதாகத் திறந்த கண். கையால் முகத்தைப் பொத்தவில்லை.

அக்கா மகள் நேரம் பார்க்க மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள், சனி இரவு

இன்றும் நைட் சஃபாரி. அழுங்குக்காக. நேற்று அந்தப் பாதைக்குப் போவதற்குள் பாப்பாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அதனால் இன்று நானும் அத்தானும் மட்டும்.

ஃபிஷிங் கேட் டிரெயில். முதலில் மூக்குக்குத்தான் வேலை. இருட்டில் எங்கோ பாப்கார்ன் வாசம். கடை எதுவும் பக்கத்தில் இல்லை. "பாண்டன் இலை போட்டுச் சோறு வடிக்கிற மாதிரி இருக்கே" என்றார் அத்தான். நிமிர்ந்து பார்த்தால் கிளையில் பிந்துராங், மரநாய்க் குடும்பத்தில் பெரியது. கரடி மாதிரி கரிய மயிர், வெள்ளை மீசை, கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வால். வாசம் அதன் சிறுநீரில் இருக்கிறது. 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள். பாப்கார்னிலும் பாசுமதிச் சோற்றிலும் பாண்டன் இலையிலும் இருப்பது அதேதான். வால் மயிரும் பாதமும் அதில் நனைந்து, போகும் வழியெல்லாம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று எழுதி வைக்கும். இந்த விலங்கைக் கண்ணாடிக்குள் அடைத்துக் காட்டினால் பாதி விலங்கைத்தான் காட்ட முடியும். இங்கே காற்று இருக்கிறது. மீதிப் பாதியும் நம்மிடம் வந்து சேர்கிறது.

அப்புறம் அழுங்கு. எங்கள் பக்கம் அலங்கு என்பார்கள். இங்குள்ளது சுந்தா அழுங்கு, நம்முடையதைவிடச் சிறியது, மரம் ஏறுவது.

நாங்கள் போனபோது காலி. ஒரு மரக்கட்டை, மண், வேர். பக்கத்தில் வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், நகர்ந்தார்கள். ஆறு வினாடி, ஒன்பது வினாடி, நாலு வினாடி. அத்தான் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. இருபது நிமிடம் இருக்கும். முதலில் வந்தது சத்தம். காய்ந்த பனையோலையைத் தரையில் இழுத்தால் வருமே, அப்படி. வேருக்குப் பின்னாலிருந்து கூர்மூக்கு ஒன்று வந்தது, அப்புறம் செதில் செதிலாக உடம்பு, அப்புறம் உடம்பளவு வால். பின்னங்காலில்தான் நடந்தது. முன்னங்கால் நகங்களை உள்ளே மடக்கி, மார்போடு வைத்துக்கொண்டு, ஏதோ தவறு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்க வருபவர் மாதிரி. மண்ணில் மூக்கை வைத்து மோந்தது. நகத்தால் ஒரு கீறல். நாக்கு வந்து போனது தெரிந்தது, ஆனால் எப்போது வந்தது எப்போது போனது என்று சொல்ல முடியாது. பல் கிடையாது. அந்த நாக்கும் நகமும்தான் பிழைப்பு.

அத்தான் பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வாயைத் திறக்காமல் நின்றார்.

அழுங்கை வைத்து வளர்ப்பது மிகக் கஷ்டம். எறும்பும் கரையானும் தவிர வேறு பழகாது. பிடிபட்ட அதிர்ச்சியிலும் வயிற்றுக் கோளாறிலும் சீக்கிரம் செத்துப்போகும். அதனால்தான் பெரும்பாலான பூங்காக்களில் கிடையாது. இங்கே மாற்று உணவு பழக்கி, 2011இல் குட்டியும் பிறந்தது. சுந்தா அழுங்கு மனிதர் பராமரிப்பில் கருவுற்றுப் பிறந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை.

அதே ஊரில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு கன்டெய்னர்கள் பிடிபட்டன. நைஜீரியாவிலிருந்து வியட்நாம் போகிற வழியில். உள்ளே அழுங்குச் செதில். முதலில் 12.9 டன், அடுத்து 12.7 டன். ஏறக்குறைய 38,000 அழுங்குகளின் செதில் என்று அதிகாரிகள் கணக்கிட்டார்கள். அழுங்கின் எட்டு இனங்களையும் சர்வதேச வணிகத்துக்கு முழுதாகத் தடை செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது அப்போது. அந்தச் செதில் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெராட்டின்தான். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. பயந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும். சிறுத்தையின் பல்லுக்குக்கூட அது தாங்கும். மனிதனுக்கு அது வசதி. கையால் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம்.

38,000 என்ற எண்ணை நான் முன்பே படித்திருக்கிறேன். இன்று ஒன்றே ஒன்று மண்ணைக் கீறியதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது எத்தனை என்று நெஞ்சில் இறங்கியது. விலங்குக்காட்சிசாலையே வேண்டாம் என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் பல நியாயங்களை ஒப்புக்கொள்வேன். ஆனால் அத்தான் இன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் முதலில் சொன்னது, "அலங்கு ரெண்டு கால்ல நடக்குது தெரியுமா?" என்பதுதான். பன்னிரண்டு மணிக்கு. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி.

நேற்றைய பறக்கும் அணிலைவிட, முந்தாநாள் சருகுமானைவிட, நான் முதலிடம் தருவது இந்த அழுங்கின் இடத்துக்குத்தான். அங்கே அது காலியாக இருக்க அனுமதி உண்டு. வராமல் இருக்க அதற்கு உரிமை இருக்கிறது. வந்தால் தன் வேலைக்காக வருகிறது.

ஐந்தாம் நாள், ஞாயிறு இரவு

காலையில் ரிவர் ஒண்டர்ஸ், மண்டாயிலேயே இன்னொரு பூங்கா. கூட்டம். பாண்டாவுக்கு வரிசை. சிவப்புப் பாண்டா குளிரூட்டிய கூடத்துக்குள் கிளையில் படுத்திருந்தது, அழகு. எல்லோரும் படம் எடுத்தார்கள். இமயமலையில் பனியில் வாழ்வதை இந்த வெக்கை ஊரில் வைக்க எவ்வளவு மின்சாரம் ஆகும் என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை. இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். வரும் வழியில் சாலைக்கு மேலே ஒரு பாலம் முழுக்க மரமும் புதருமாக இருந்தது. 2019இல் விலங்குகள் சாலையைக் கடக்கவென்றே கட்டியது. மனிதர் ஏற முடியாது. சருகுமானும் அழுங்கும் இந்தக் காட்டில் இன்னும் தாமாகவே இருக்கின்றன.

மாலையில் கூண்டே இல்லாத ஒன்றைத் தேடிப் போனோம். கொலுகோ. இதற்குத் தமிழில் பெயர் இல்லை, நம் நாட்டில் இந்த விலங்கு இல்லை. பறக்கும் லெமூர் என்று ஆங்கிலத்தில் சொல்வது இரண்டு மடங்கு தவறு: பறக்காது, லெமூரும் இல்லை. குரங்குக் குலத்துக்கு மிக நெருங்கிய உறவு. கழுத்திலிருந்து விரல் நுனிகள் வழியாக வால் நுனிவரை ஒரே தோல். ஒரு தாவலில் நூறு மீட்டருக்கு மேல் மிதக்கும். இளந்தளிரையே நம்பி வாழ்வதால் காப்பகத்தில் வைப்பது மிகக் கடினம். உலகத்திலேயே மிகச் சில பூங்காக்கள்தான் முயன்றிருக்கின்றன. ஆனால் சிங்கப்பூரில் ஊருக்கு நடுவிலுள்ள காட்டில் இருக்கிறது.

அக்கா, அத்தான், பாப்பா, நான், நாலு பேரும் வின்ட்சர் இயற்கைப் பூங்காவுக்குப் போனோம். ஒரு மணி நேரம் மரம் மரமாகப் பார்த்தும் ஒன்றும் இல்லை. கடைசியில் கேமராவோடு நின்ற ஒரு சீனப் பெரியவர் பாப்பாவைக் கூப்பிட்டு, கையை நீட்டாமல் மோவாயால் ஒரு மரத்தைக் காட்டினார். மரப்பட்டைதான் தெரிந்தது. சாம்பலும் பச்சையுமாகப் பாசி படிந்த மாதிரி ஒரு திட்டு. திட்டுக்குக் கண் இருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றோம். அக்கா கொசுவை அடிக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. ஒரு தடவை வயிற்றுப் பக்கம் தோல் விலகியது. உள்ளே இன்னொரு சின்ன முகம். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். குட்டி எங்களைப் பார்த்தது, அம்மா தோலை மூடிக்கொண்டாள்.

ஏழு மணிக்குப் பூங்கா மூடிவிடும். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஏழுக்குச் சில நிமிடம் இருக்கும்போது அது தன்னை மரத்திலிருந்து பிய்த்து எடுப்பது போல அசைந்து, விடுவிடுவென்று நாலு எட்டு மேலே ஏறியது. நின்றது. அப்புறம் மரம் மட்டும்தான் இருந்தது. நடைபாதைக்கு மேலே, கிளைகளுக்கு நடுவே ஒரு கரிய சதுரம் சாய்ந்துகொண்டே போய், அடுத்த மரங்களையும் தாண்டி, உள்ளே மறைந்தது.

பெரியவர் கேமராவை எடுக்கவே இல்லை. பாப்பா மணியைப் பார்த்தாள். "சித்தி, நாற்பத்தாறு நிமிஷம்" என்றாள், ரகசியமாக.